வீட்டு ஆப்பிள் வினிகரில் புளிப்பு ஏன் ஏறுவதில்லை?

ஆப்பிள் வினிகர் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: வாசனை வந்துவிட்டது, புளிப்பு வரவில்லை. சென்னை வெயில்மேல் பழி போடுவார்கள். வெயிலுக்கும் பங்கு உண்டு, ஆனால் முதல் காரணம் சர்க்கரை. ஜாடிக்குள் எவ்வளவு சர்க்கரை போனதோ, அதற்குத் தகுந்த அமிலம்தான் வரும்.

வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். பிறகு அசிட்டிக் பாக்டீரியா, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, அந்த ஆல்கஹாலை அமிலமாக்கும். காகிதக் கணக்கில் 100 கிராம் சர்க்கரைக்கு 65 கிராமுக்கு மேல் அமிலம் வர வேண்டும். ஆவியாகிப் போவது, நுண்ணுயிர்கள் தின்றுவிடுவது எல்லாம் போக, வீட்டில் சர்க்கரையின் எடையில் பாதி அமிலமாகக் கையில் நின்றால் நல்லது. ஆக 5 சதவீத வினிகர் வேண்டுமென்றால் லிட்டருக்கு 100 கிராமாவது சர்க்கரை இருக்க வேண்டும். ஆப்பிள் தோலைப் போட்டு, டம்ளர் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை என்று சுற்றிவரும் செய்முறையில் லிட்டருக்கு 50 கிராம்தான் சேரும். அதில் இரண்டு, இரண்டரை சதவீதத்தைத் தாண்டாது. சாலட்டில் ஊற்றிக்கொள்ளலாம், ஊறுகாய்க்கு ஆகாது. கடையில் விற்கும் இயற்கை வினிகருக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவே 3.75 சதவீதம்.

முதல் கட்டத்தோடு நிறுத்தினால் கிடைப்பது சைடர், அதாவது மது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் அதை வீட்டில் தயாரிக்க முடியாது. அதனால் இங்கே சொல்வது கடைசிவரை போகும் வினிகர் முறை மட்டுமே. இடையில் வடித்து எடுத்து வைக்காதீர்கள்.

5 லிட்டர் பிடிக்கும் அகலவாய்க் கண்ணாடி ஜாடி அல்லது ஊறுகாய்ப் பீங்கான் ஜாடிக்கு ஒன்றரை கிலோ ஆப்பிள், 2 லிட்டர் தண்ணீர், 200 கிராம் சர்க்கரை. பழத்திலேயே கிட்டத்தட்ட 170 கிராம் சர்க்கரை இருக்கும். சாறும் தண்ணீரும் சேர்த்துப் பார்த்தால் லிட்டருக்கு 110 கிராமை ஒட்டி வந்துவிடும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம் போட்டாலும் புளிக்கும், ஆனால் ஆப்பிள் மணம் அமுங்கிப்போகும். வெள்ளைச் சர்க்கரையே மேல். அலுமினியம், பித்தளை, செம்பு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. அமிலம் அரித்து உலோகத்தை உள்ளே இறக்கிவிடும்.

ஸ்டிக்கர் ஒட்டி வரும் இறக்குமதிப் பழத்தில் மெழுகுப் பூச்சு இருப்பது வழக்கம், தோலில் உயிருள்ள ஈஸ்டும் குறைவு. ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை கோயம்பேட்டில் சிம்லா, காஷ்மீர் ஆப்பிள் குவியும்போது வாங்குவது சுகம். அடிபட்ட பழம் பரவாயில்லை, அந்த இடத்தை மட்டும் வெட்டி எறியுங்கள். பூஞ்சை பிடித்தது வேண்டாம். நம்மூரில் கிடைக்கும் சிவப்பு ஆப்பிளில் இனிப்பு அதிகம், புளிப்பு குறைவு. இரண்டு பச்சை ஆப்பிள் சேர்த்தால் சுவை எழும்பும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் கொதிக்கவைத்து ஆற வைத்துச் சேர்க்க வேண்டும். கேன் தண்ணீரென்றால் அப்படியே ஊற்றலாம்.

பழத்தைத் தோலோடு சிறு துண்டுகளாக நறுக்கி, சர்க்கரை கரைத்த தண்ணீரை ஊற்றி, ஆரம்பத்திலேயே இரண்டு டேபிள்ஸ்பூன் வினிகர் விடுங்கள். அந்தச் சிறு புளிப்பு முதல் இரண்டு நாள் பூஞ்சையைத் தள்ளி நிறுத்தும். தோலிலுள்ள ஈஸ்டை நம்ப முடியவில்லையென்றால் கால் டீஸ்பூன் டிரை ஈஸ்ட் போடலாம். ரொட்டி வாசம் லேசாக வரும், பிறகு போய்விடும். வாயைப் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். கொசுவலை போதாது, பழ ஈ அதற்குள் நுழைந்துவிடும். எறும்புக்குத் தட்டில் தண்ணீர் ஊற்றி ஜாடியை நடுவில் வையுங்கள்.

இந்த முதல் வாரத்தில்தான் கவனம் தேவை. துண்டுகள் மிதக்கும். மேலே காய்ந்து நிற்கும் துண்டில்தான் பூஞ்சை பிடிக்கும். காலையிலும் இரவிலும் மரக்கரண்டியால் அமுக்கிக் கிளறிவிட வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாள் கிளறும்போது ஓரமெல்லாம் சுர்ரென்று நுரை ஏறும், துண்டுகளின் விளிம்பு பழுப்பேறி மெத்தென்று ஆகியிருக்கும். எட்டுப் பத்து நாளில் குமிழி அடங்கி, பழம் கீழே இறங்கத் தொடங்கும். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். இனிப்பு தெரிந்தால் இன்னும் மூன்று நாள் விடுங்கள். அவசரப்பட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால், ஏறும் அமிலம் ஈஸ்டை முடக்கிவிடும். மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கி, இனிப்பும் புளிப்புமாக ஒரு தண்ணி வினிகர்தான் கிடைக்கும்.

இனிப்பு போனதும் பழத்தை வடித்தெடுத்துவிட்டு, அந்தச் சாற்றில் வடிகட்டாத, சூடுபடுத்தாத வினிகர் அரை லிட்டர் சேருங்கள். ‘மதர்’ (உயிருள்ள வினிகர் பாக்டீரியா படலம்) உள்ளது என்று போட்டிருக்கும் பாட்டிலாகப் பார்த்து வாங்க வேண்டும். இனிமேல் கிளறவே கூடாது. பாக்டீரியா மேற்பரப்பில்தான் வேலை செய்யும். அங்கே படரும் வழவழப்பான ஏட்டைக் கலைத்தால் மறுபடி முதலிலிருந்து. காற்றுப்படும் பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகம். குறுகிய கழுத்துப் பாட்டிலில் மாதக்கணக்கில் இழுக்கும்.

வெயில் விஷயம் இங்கேதான் வருகிறது. இந்தப் பாக்டீரியாவுக்கு 25 முதல் 30 டிகிரி பிடிக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை சென்னை வீட்டுக்குள் கிட்டத்தட்ட அதே சூடுதான், ஆறு வாரத்தில் முடிந்துவிடும். மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழுள்ள பரணில் வைத்தால் ஆல்கஹால் ஆவியாகும், பாக்டீரியாவும் சோர்ந்துவிடும். சமையலறையின் கீழ்த்தட்டு, அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் தள்ளி வையுங்கள். ஈரத்துணி சுற்றுவதால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் பெரிய பலன் இல்லை.

மேலே வெள்ளையாகச் சுருக்கம் சுருக்கமாக மெல்லிய படலம் வந்தால் அது காட்டு ஈஸ்ட். ஆபத்தில்லை, எடுத்துப்போடுங்கள். பச்சை, கறுப்பு, பஞ்சுபோல் முளைத்தால் பூஞ்சை. முழுதையும் கொட்டிவிட வேண்டும், மேலோட்டமாக எடுத்துவிட்டுப் பயன்படுத்துவது தவறு. நெயில் பாலிஷ் வாடை வந்தால் காற்று போதவில்லை என்று பொருள். வாய் அகலமான பாத்திரத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பிஹெச் தாள் சொல்லாது. அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் 0.1 நார்மல் (செறிவின் அளவு) சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலும், அமிலம் தீர்ந்ததும் நிறம் மாறிக் காட்டும் ஃபினால்ஃப்தலீனும் கேளுங்கள். ஒரு மில்லி வினிகரை 20 மில்லி கொதித்தாறிய தண்ணீரில் கலந்து, இரண்டு சொட்டு ஃபினால்ஃப்தலீன் விட்டு, கரைசலைச் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் நிறுத்துங்கள். செலவான மில்லியை 0.6ஆல் பெருக்கினால் சதவீதம். 8.3 மில்லி என்றால் 5 சதவீதம். கரைசல் கண்ணில் படக் கூடாது, சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். 5 சதவீதத்துக்குக் கீழே நின்றால் வெங்காயத்திலும் சாலட்டிலும் தீர்த்துவிடுங்கள், ஊறுகாய் போடாதீர்கள்.

வாராவாரம் அளந்து, எண் ஏறுவது நின்றதும் பாட்டிலுக்கு மாற்றிவிட வேண்டும். ஆல்கஹால் தீர்ந்தபின் திறந்தே கிடந்தால் அதே பாக்டீரியா தான் செய்த அமிலத்தையே தின்னத் தொடங்கும், புளிப்பு இறங்கிவிடும். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி, துருப்பிடிக்காத பிளாஸ்டிக் மூடி போட்டு இறுக்குங்கள். அதில் அரை லிட்டரைச் சூடுபடுத்தாமல் எடுத்துவைத்தால் அடுத்த ஜாடிக்கு வினிகர் வாங்க வேண்டியதில்லை.