பீஸ் ஸ்டேஷன் என்ற ஒரு வரி

2018 மார்ச் 31-ஆம் தேதி 24 வருஷப் பட்டாள வேலையை முடித்துக்கொண்டு வேலூர் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தேன். பட்டாளத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் ஆர்மி சர்வீஸ் கோரில் எம்.டி. (வண்டி) டிரைவர், ஹவில்தாராக ரிட்டயர்டு. இடுப்பில் எல்-4, எல்-5 எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கியிருந்தது. வெளியே அனுப்பும்போது உடம்பைச் சோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு அதற்கு ஆயுள் முழுக்க 30 சதவீதம் ஊனம் என்று போட்டிருந்தது. 20 சதவீதம் இருந்தாலே ஊன ஓய்வூதியம் கேட்கலாம், அதனால் வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். ஆகஸ்டில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. இந்த நோய் ராணுவ சேவையால் வந்ததும் இல்லை, சேவையால் அதிகமானதும் இல்லை, ஆகவே கிடையாது.

அந்த வாக்கியத்தை மாற்ற நாலு வருஷத்துக்கு மேல் ஆனது. அதே கடிதம் இன்றைக்கும் பல வீடுகளுக்கு வருகிறது. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் போட வேண்டும் என்றார்கள். மூன்று பக்கம் எழுதினேன். எங்கெங்கே இருந்தேன், பிள்ளைகளை எப்படிப் பிரிந்திருந்தேன், இப்போது அரை மணி நேரம் உட்கார முடியவில்லை என்று மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர்கள் எந்தக் காரணம் சொல்லி மறுத்தார்களோ, அதற்கு அதில் ஒரு வார்த்தைகூடப் பதில் இல்லை. அடுத்த வருஷம் நடுவில் அதுவும் தள்ளுபடி.

எங்கள் தெருவில் ரிட்டயர்டு சுபேதார் ஒருவர் இருக்கிறார். கடிதத்தைப் படித்துவிட்டு, “போர்டு பேப்பரைப் பாத்தியாப்பா?” என்றார். “கையெழுத்துப் போட்டதோட சரி சார்” என்றேன். அன்றைக்கே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதவைத்தார். ரிலீஸ் போர்டு நடவடிக்கை முழுதும், நான் பட்டாளத்தில் சேர்ந்த 1994-இன் மருத்துவப் பரிசோதனைத் தாளும் வேண்டும் என்று கேட்டோம். இரண்டு மாதத்தில் நகல் வந்தது.

என் மகள்தான் ஒவ்வொரு கட்டமாகப் படித்துச் சொன்னாள். நோய் தொடங்கியது எப்போது? 2012. எங்கே? பீஸ் ஸ்டேஷன், அதாவது அமைதிப் பகுதி. காரணம்? தேய்மானம், அமைதிப் பகுதியில் தொடங்கியது, சேவைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அவ்வளவுதான். என் 24 வருஷத்தையும் அந்த ஒரு வரி மூடிவிட்டது.

நடந்தது வேறு. 2009-லிருந்து இரண்டரை வருஷம் லடாக்கில் ஸ்டாலியன் என்ற ராணுவ லாரி ஓட்டினேன். லே-யிலிருந்து தாங்ட்சேக்குப் போக வேண்டுமென்றால் 17,000 அடிக்கு மேலே சாங் லா கணவாயைத் தாண்ட வேண்டும். பள்ளத்தில் வண்டி இறங்கும் ஒவ்வொரு குலுக்கலும் நேராகத் தண்டுவடத்தில் விழும். பனியில் குனிந்து சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டுவோம், மண்ணெண்ணெய் பேரலை உருட்டி ஏற்றுவோம். இடுப்பு வலி அங்கேதான் ஆரம்பித்தது. யூனிட்டின் சிகிச்சை அறையான எம்.ஐ. ரூமில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். சிக் ரிப்போர்ட் போனால், அதாவது உடம்பு சரியில்லை என்று பதிவு செய்தால், மருத்துவக் கேட்டகரியை இறக்குவார்கள், பிரமோஷன் போகும் என்ற பயம். கீழே சமவெளிக்குப் போஸ்டிங் வந்த பிறகு, 2012-இல் ஒருநாள் காலை ஸ்டெப்னி டயரைத் தூக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. வலது கால் மரத்துப்போனது. ராணுவ ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து முதன்முதலாகப் பேப்பரில் ஏறியது அன்றைக்குத்தான். டயரைத் தூக்கும்போது நடந்ததற்கு ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்ற காய அறிக்கை போடச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

சுபேதார் சென்னையில் ஒரு வக்கீலிடம் அனுப்பினார். அவர் சொன்ன ஒரு விஷயம் என்னை நிமிர வைத்தது. நோய் சேவையால்தான் வந்தது என்று நான் நிரூபிக்க வேண்டியதில்லை! 1982-ஆம் வருஷ உரிமை விதிகளிலேயே இருக்கிறது. சேரும்போது குறை எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் ஆள் நல்ல உடல்நிலையில் இருந்தான் என்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பாரம் கேட்பவன்மேல் இல்லை. சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவனுக்கே. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அவர் வலிப்பு நோயால் வெளியே அனுப்பப்பட்ட சிப்பாய். சேரும்போது நோய் பதிவாகவில்லை என்றால், தொடர்பில்லை என்பதற்கு மெடிக்கல் போர்டுதான் காரணம் எழுத வேண்டும். சும்மா ‘இல்லை’ என்று டிக் போட்டால் போதாது.

இரண்டாவது அப்பீலை 2019 டிசம்பரில் போட்டோம். இந்த முறை ஒன்றரைப் பக்கம்தான். 1994-இல் முழுத் தகுதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை லடாக், எம்.ஐ. ரூமில் மாத்திரை வாங்கிய பதிவுகளில் கிடைத்த இரண்டு, விதி எண்கள். பதிலே வரவில்லை. ஆறு மாதம் பதில் வராவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், 2007 சட்டம் இடம் கொடுக்கிறது. கொரோனாவில் நான் தள்ளிப்போட்டபோது வக்கீல் கோபப்பட்டார். தர்செம் சிங் என்ற ராணுவ வீரர் வழக்கில், 2008-இல், தாமதமாக வருகிறவருக்கு மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷ பாக்கி மட்டும்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ரிட்டயர்டு ஆகி மூன்று வருஷம் முடிவதற்குள், 2021 ஜனவரியில், சென்னைக் கிளையில் மனு ஏறியது.

விசாரணை பெரும்பாலும் தள்ளிவைப்புதான். கடைசியில் நடந்தது இருபது நிமிஷம். மேடையில் இருவர், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், ஓய்வுபெற்ற ராணுவ உயரதிகாரி ஒருவர். அரசு வக்கீல் பீஸ் ஸ்டேஷனைத்தான் சொன்னார். தொடர்பில்லை என்பதற்குப் போர்டு எந்தப் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். அவர் தாளைப் புரட்டினார். புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

2022 நவம்பரில் உத்தரவு. நோய் சேவையால் அதிகமானது, 30 சதவீதத்தை 50 ஆக உயர்த்தி, ரிட்டயர்டு ஆன மறுநாளிலிருந்து தர வேண்டும். 50-க்குக் கீழே இருப்பதை 50 என்று கொள்ளும் இந்தச் சலுகை, சேவைக் காலம் முடித்து வெளியே வந்தவர்களுக்கும் உண்டு என்பது உச்ச நீதிமன்றத்தின் 2014 ராம் அவதார் தீர்ப்பு. நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. ஆகவே எனக்கு 15 சதவீதம், உயர்த்தாவிட்டால் 9. பணம் வர இன்னொரு மனுவும் பத்து மாதமும் ஆனது. புது பி.பி.ஓ. (ஓய்வூதிய உத்தரவு) வந்த அன்று மகள்தான் வாசித்தாள், நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.

ஒன்று கவனியுங்கள். 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வருகிறவர்களுக்கு விதிகள் புதியவை. என் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு போகாதீர்கள், வக்கீலிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

போன பொங்கலுக்கு என் மச்சான் மகன் லீவில் வந்திருந்தான். அவனும் டிரைவர், இப்போது லே-யில். திண்ணையில் உட்காரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தான். கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல மாமா, மாத்திரை போட்டா சரியாயிடும்” என்றான். என் போர்டு பேப்பரை எடுத்துவந்து அந்தக் கட்டத்தை விரலால் காட்டினேன். திரும்பிப் போன இரண்டாவது வாரம் போன் செய்தான். “மாமா, சிக் ரிப்போர்ட் போயிட்டேன். எந்த ரோட்ல, எந்த வண்டியில வலி வந்துச்சுன்னு எழுத வச்சுட்டேன். நகலும் வாங்கிட்டேன்.”