பழைய ஒர்க்ஸ்டேஷனுக்கு புது மதர்போர்டு, ரெண்டு நாள் பட்ட பாடு

2012 மாடல் ஒர்க்ஸ்டேஷன் ஒண்ணு, ஏதோ ஆபீஸ்ல கழிச்சுக் கட்டினதை செகண்ட்ஸ்ல வாங்கி இத்தனை வருஷமா ஓட்டிட்டு இருந்தேன். ஜியான் இ5-1620 பிராசசர், நாலு கோர், 32 ஜிபி ராம். பிளெண்டர்னு 3டி சாஃப்ட்வேர்ல ரெண்டர் போட்டா மாவு மில்லு மாதிரி கத்தும், மத்தபடி தங்கம். ஆனா 2025 அக்டோபரோட விண்டோஸ் 10 சப்போர்ட் கதை முடிஞ்சுது, 11 கேக்குற டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் இதுல இல்ல. கேபினட் நல்ல கனமான இரும்பு, தூக்கிப் போட மனசு வரல, சரி உள்ள இருக்கறத மட்டும் மாத்துவோம்னு ரிச்சி ஸ்ட்ரீட் போய் பி550 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, ரைசன் 5 5600 பிராசசர், டிடிஆர்4 ராம் எடுத்தேன். "அண்ணா, கம்பெனி கேபினட்டா? பேசாம புதுசு எடுத்துடுங்க, எதுவும் ஒத்து வராது"ன்னு கடைத் தம்பி சொன்னான். கேட்டிருக்கலாம்.

பழைய ராம் டிடிஆர்3, ஸ்லாட்டுலயே உக்காராது, 32 ஜிபியும் டிராயருக்குப் போச்சு. 5600ல உள்ளயே கிராபிக்ஸ் கிடையாதுங்கறதால பழைய கார்டு மட்டும் தப்பிச்சுது. போர்டோட யூஎஸ்பி, ஆடியோ ஓட்டையெல்லாம் வெளிய வர்ற பின்பக்கத் தகடு கேபினட்டோட சேத்தே அடிச்சது, ஆக்ஸா பிளேடு வச்சு அறுத்து அரம் போட்டு ராவினேன். போர்டு மாட்டறதுக்கு முன்னாடியே இதை முடிச்சு இரும்புத் தூளைத் துடைச்சிடுங்க, உள்ள விழுந்தா ஷார்ட்டுதான்.

கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ்ஸை நம்பாம மல்டிமீட்டர் வச்சுப் பாத்தேன், மஞ்சள் ஒயர்ல 12 வோல்ட், சிவப்புல 5, ஆரஞ்சுல 3.3, ஓகே.

உண்மையான தலைவலி பவர் பட்டன். சாதாரண கேபினட்ல ரெண்டு ரெண்டு வயரா பேர் எழுதி வரும்ல, இதுல எல்லாம் ஒரே பட்டை ஒயர், முனையில 10 ஓட்டை, எது எதுன்னு ஒரு எழுத்து இல்ல. மீட்டரை பீப்புக்கு (ரெண்டு முனைக்கும் நடுவுல இணைப்பு இருந்தா கத்தும்) திருப்பி, ரெண்டு முனையையும் நான் ஓட்டைக்கு ஓட்டை மாத்தி மாத்தி வைக்க, பொண்ணு முன்னாடி உக்காந்து பட்டனை அமுக்கினா. "விட்டு விட்டு அமுக்குடா." "கை வலிக்குதுப்பா." தொட்ட உடனே விடாம கத்தினா அது ரெண்டும் கிரவுண்டு, அமுக்கினா மட்டும் கத்தினா அதான் சுவிட்ச். முக்கால் மணி நேரம் கழிச்சு அந்த ஜோடி மாட்டுச்சு. ஜம்பர் ஒயர் சொருகி போர்டுல பட்டன் ஒயர் சொருகற பின் வரிசையில 6, 8 பின்னுக்கு இழுத்தேன், பட்டனைத் தட்டினதும் ஃபேன் சுத்துச்சு, பொண்ணு கை தட்டினா.

ஆனா எஸ்எஸ்டில இருந்து பூட் ஆகல. பயோஸ்ல டிஸ்க் தெரியுது, பூட் லிஸ்ட்ல இல்ல. பழைய விண்டோஸ் எம்பிஆர்ங்கற பழைய டிஸ்க் முறையில போட்டது, புது போர்டு யூஇஎஃப்ஐங்கற புது பூட் முறையில இருந்துச்சு, அதுக்கு டிஸ்க் ஜிபிடி முறையில இருக்கணும். பேக்கப் எடுத்துட்டு, இன்ஸ்டால் பென்டிரைவ்ல பூட் பண்ணி ஷிஃப்ட் எஃப்10 அமுக்கி டிஸ்க்கை மாத்தற எம்பிஆர்2ஜிபிடி கமாண்ட் அடிச்சேன், முதல்ல சரி பாக்கற வேலிடேட், அப்புறம் மாத்தற கன்வெர்ட். பழைய டெஸ்க்டாப் வால்பேப்பரோட அப்படியே வந்துச்சு.

முன்பக்க யூஎஸ்பி இன்னும் செத்துதான் கிடக்கு, அந்த பிளக்கும் கம்பெனி சொந்தமா செஞ்சது போல. அடுத்த ஞாயிறு மறுபடி மீட்டரைத் தூக்கணும், பொண்ணு வரமாட்டேன்னு இப்பவே சொல்லிட்டா.