பெடல் அமுக்கின கதை

நம் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுது என்று செயலாளர் வாட்ஸ்அப்பில் விரட்டிக்கொண்டே இருக்கிறார். ஹாஸ்டல் சாம்பார், ஹெட்மாஸ்டர் பிரம்பு எல்லாம் போன மலர்களிலேயே தீர்ந்துவிட்டது. நான் ஒரே ஒரு ஆளைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போடாதே என்று அவரே சொல்லிவிட்டார், ஆனால் ஆர்மோனியம் அண்ணன் என்றால் நம் செட்டில் தெரியாதவர்கள் கிடையாது.

எங்களுக்கு மூத்த வகுப்பு. கைக்குழந்தையிலேயே போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவர். 1995-ல் பல்ஸ் போலியோ தொடங்கியதும், 2011-க்கு அப்புறம் நாட்டில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் ஒரு பிள்ளையையும் தாக்காமல் போனதும் அவருக்கு ரொம்பப் பிந்திய சங்கதி. காலைத் தாங்க இரும்புச் சட்டமான கேலிப்பர், கக்கத்தில் இரண்டு கட்டை, அப்படித்தான் அந்த ஏற்றத்தில் ஏறிப் பள்ளிக்கூடம் வருவார்.

நம் சிற்றாலயத்தில் இருந்ததோ கால் ஆர்மோனியம். கீழே இரண்டு பெடல், மாற்றி மாற்றி மிதித்தால்தான் துருத்தி வேலை செய்யும், காற்று ஓடினால்தான் உள்ளே ரீடு என்கிற உலோக நாக்கு அதிரும், மிதிப்பது நின்றால் பாட்டும் நின்றுவிடும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முழங்காலால் தள்ளுகிற பலகை வேறு. இரண்டுமே அவரால் ஆகாது. விரலோ, கேட்கவே வேண்டாம்.

அதனால் பெடலுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆள் நான். ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அமுக்குவேன். "லே மக்கா, பாட்டு இறங்குது, நீ எதுக்கு ஏறுற, மெதுவா விடு" என்று மேலிருந்து சத்தம் வரும். வரியின் கடைசியில் சபை மூச்சு எடுக்கிற இடத்தில் காற்றைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், அடுத்த வரி எழும்பும்முன் துருத்தி நிறைந்திருக்க வேண்டும். இதெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. இன்றைக்கும் மஸ்கட்டில் ஆராதனையில் பாமாலை பாடும்போது என் கை தானாக பெஞ்சை அமுக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் என்ன நினைக்கிறார்களோ!

சுரங்களை டோ ரே மி என்று எழுத்தில் எழுதும் சோல்ஃபா முறையில் அண்ணன் புலி. 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே கன்னியாகுமரிப் பக்கத்து மயிலாடிக்கு வந்ததிலிருந்து நம்ம பக்கத்தில் லண்டன் மிஷன் சபைகள் வளர்ந்த கதை உங்களுக்குத் தெரியும். அந்த வழியில் வந்த பாடகர் குழுக்களில் கோடு போட்ட நொட்டேஷனைவிட டோ ரே மி எழுத்துதான் புழக்கம். சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பேஸ் என்று நாலு பாகத்தையும் தனித்தனியாகப் பாடிக் காட்டிவிட்டுத்தான் வாசிப்பார். ஆனால் கீர்த்தனைக்கு மட்டும் அதைத் தொட விடமாட்டார். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் ராகத்தில் பாடி வைத்ததன் மேல், பல சுரங்களைச் சேர்த்து அமுக்குகிற கார்டுகளைக் (chord) கொட்டினால் ராகம் செத்துப்போகும் என்பார். இன்றைய கீபோர்டு தம்பிகள் இதைக் கேட்டால் நல்லது.

பிளஸ் டூ முடித்த கொஞ்ச காலத்தில் ஊருக்குள் எலக்ட்ரானிக் கீபோர்டு வந்தது. காற்று வேண்டாம், பெடல் வேண்டாம். என் வேலை போயிற்று, அவருக்குப் பிழைப்பு வந்தது. நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று கிறிஸ்துமஸ் கேசட்டுகள் போட்ட காலம் அது. டிராக் வாசித்தார், பின்னணி அமைத்தார், பாட்டும் எழுதினார். அட்டையில் பாடினவர் படம் பெரிதாக இருக்கும், இவர் பெயரைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். சில கேசட்டில் தேடினாலும் கிடைக்காது.

அப்புறம் கன்வென்ஷன் என்கிற நற்செய்திக் கூட்ட மேடைகள். பலகை ஏணிதான் படி. நாலு பேர் தூக்கி மேலே வைப்பார்கள், அது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மேடையில் பிரசங்கியார் இவரைக் கைகாட்டி, காலை எடுத்த ஆண்டவர் விரலைக் கொடுத்தார் என்பார், ஜனம் அல்லேலூயா சொல்லும். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! விசுவாசம் இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள், காலை ஜெபம் தவறாதவர். "விரலைத் தந்தது கர்த்தர், சரி. காகிதத்துல ஆர்மோனியக் கட்டை வரைஞ்சு ராத்திரி ராத்திரி பழகினது யாரு?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார். ஆர்மோனியம் வாங்க வழியில்லாத வீடு. அந்தக் காகிதத்தை நானும் பார்த்திருக்கிறேன், மடிப்பெல்லாம் கிழிந்து ஒட்டுப்போட்டு வைத்திருந்தார்.

ஒருமுறை ஃபேனி கிராஸ்பி பற்றிப் பேச்சு வந்தது. கைக்குழந்தையிலேயே பார்வை போன அமெரிக்க அம்மா, 1820-ல் பிறந்து 1915 வரை இருந்தவர், 8,000-க்கு மேல் ஞானப்பாட்டு எழுதியவர். எல்லோரும் அவர் கண்ணைப் பற்றிச் சொல்வார்கள். அண்ணன் பார்த்தது வேறு கணக்கு. பாட்டுக்கு ஒன்றோ இரண்டோ டாலர்தான் அவருக்குக் கிடைத்தது, புத்தகம் முழுக்க ஒரே பெயராக இருக்கக் கூடாதென்று ஏகப்பட்ட புனைபெயரில் அச்சிட்டார்கள். "அந்த அம்மைக்கும் கவர்தான் போல, கேட்டியா" என்று சிரித்தார்.

கவர் என்றால் நம்ம ஊரில் தெரியுமே. பாடகருக்கும் சவுண்டு சர்வீஸுக்கும் பேசின தொகை, இவருக்கு மட்டும் 'அன்பளிப்பு' என்று எழுதின வெள்ளைக் கவர். ஊனமுள்ளவர், ஊழியமாகச் செய்கிறார், காசு கேட்கமாட்டார் என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். கொஞ்ச காலம் பொறுத்தார், பிறகு ரேட்டைச் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார். அகங்காரம் வந்துவிட்டது என்று பேசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தது அந்த ரேட்டுதான்.

இப்போது வீட்டிலேயே கீபோர்டு வகுப்பு எடுக்கிறார், சனிக்கிழமை திண்ணை நிறையப் பிள்ளைகள். அடுத்த ஒன்றுகூடலுக்கு அவரைக் கூப்பிடலாம் என்று குழுவில் பேசுகிறார்கள், எனக்கும் ஆசைதான். பள்ளி அரங்கத்து மேடைக்கு இன்னும் படி மட்டுமே இருக்கிறது, முதலில் ஒரு சாய்வுப்பாதை போடச் சங்கம் பணம் ஒதுக்கட்டும். தொகை எவ்வளவு என்று அவரிடமே கேட்டு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். கவர் வேண்டாம்.