ஜெனரல்காரி தலைவராகலாமோ?

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடக் கடைசியில் எங்கள் புவியியல் மன்றத் தலைவர் பதவிக்கு என் பெயரை முன்மொழிந்தார்கள். களப்பயணத்துக்கு பஸ் பிடித்ததிலிருந்து கருத்தரங்குத் தேத்தண்ணிவரை முந்தைய வருடம் ஓடித்திரிந்தது நான்தான். எதிர்ப்பு வராது என்றே நினைத்தேன். ஒரு அண்ணா எழும்பி, "தங்கச்சி ஜெனரல் எல்லோ?" என்றார்.

கூட்டம் குழம்பிவிட்டது.

எங்கள் கலைப்பீடத்தில் 'ஜெனரல்' என்கிற பொதுப் பட்டம் மூன்று வருடம், பல பாடம். சிறப்புப் பட்டம் நான்கு வருடம், ஒரே துறை. சந்தா மட்டும் இரண்டு பகுதியும் ஒரே அளவாகக் கட்டுகிறோம். மன்றத்தின் விதிகளைச் சொல்லும் யாப்போ, "துறையில் பதிவு செய்த மாணவர்" தலைவராகலாம் என்கிறது. நான் பதிந்தது துறையிலா, பீடத்திலா?

அடுத்த நாள் பெரும் பொருளாளரிடம் போனோம். மன்றக் கணக்குக்குப் பொறுப்பான விரிவுரையாளர் அவர். அவருடைய கையெழுத்தில்லாமல் வங்கியில் ஒரு சதமும் எடுக்கேலாது. "யாப்பை முழுசா வாசிச்சனீங்களோ?" என்று கேட்டார். இல்லை. போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பி, பாதி எழுத்து அழிந்தது. வளாகத்துக்குப் பக்கத்துப் பரமேஸ்வராச் சந்தியில் இன்னொரு கொப்பி எடுத்து, கன்ரீனில் இருந்து வாசித்தோம்.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தைச் சொல்லித் தொடங்கியது. 80 வீத வரவு, ஒழுக்காற்று விசாரணை நிலுவையில் இல்லை என்ற கடிதம், இதெல்லாம் என்னிடம் சரி. சிக்கல் கடைசிப் பக்கத்தில் இருந்தது: பதவிக்காலம் ஓராண்டு, முடிவில் பொதுக்கூட்டத்தில் கணக்கு ஒப்படைக்க வேண்டும். எங்கள் பொதுக்கூட்டம் எந்தக் காலத்தில் சொன்ன திகதியில் நடந்தது? அது கூடும்போது நான் பட்டம் முடித்துப் போயிருப்பேன். முன்பு ஒருவர் அப்படிக் கணக்குக் கொப்பியோடு வெளிநாடு போய், வங்கிக் கணக்கு மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்ததாம்.

காரணம் நியாயம்தான். ஆனால் அதை அப்படியே எழுதாமல் "துறையில் பதிவு செய்த" என்று எழுதினால், ஜெனரல்காரருக்குப் புவியியலில் பாதி உரிமைதான் என்றல்லவா படுகிறது? எனக்குச் சுட்டது அதுதான்.

வேட்புமனுவை மீளப் பெற்றுக்கொண்டு, அந்த வரிக்குப் பதிலாகத் திருத்தம் ஒன்று எழுதினேன்: "பதவிக்காலம் முடிந்து கணக்கு ஒப்படைக்கும்வரை பதிவிலுள்ள மாணவராக இருக்க வேண்டும்." பதினான்கு நாள் முன்னறிவித்தல், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. இரண்டே வாக்கு மிச்சத்தில் நிறைவேறியது. அந்த அண்ணாவும் கை உயர்த்தினார்.

என் திருத்தத்தின்படி பார்த்தாலும் நான் தலைவராகேலாது என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் இனி முதல் வருடப் பிள்ளைகள் பொதுப் பட்டம் என்றாலும் உரிய நேரத்தில் நிற்கலாம். என்னை இதழாசிரியராகப் போட்டார்கள்.

இதழ் பிந்தியது. இறுதிப் பரீட்சை முடிந்து மூன்று கிழமைக்குப் பிறகு, அச்சகப் பற்றுச்சீட்டைக் கொடுக்கப் பருத்தித்துறையிலிருந்து பஸ் ஏறி வந்தேன். பெரும் பொருளாளர் பற்றுச்சீட்டின் திகதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார்.