ஆக்சன்ட் டிரைவர் கண்ணாடி: கிறீச் சத்தம் ஒழிந்தது, மோட்டார் பிழைத்தது

டிரைவர் பக்கக் கண்ணாடி இப்போது சத்தமில்லாமல் ஏறி இறங்குகிறது. வண்டி 2004 ஹூண்டாய் ஆக்சன்ட் கார், இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையில் பிறந்தது, இன்றுவரை சென்னை வெயிலைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. "மோட்டார் வீக் சார், ரெகுலேட்டரோட சேர்த்து மாத்திடலாம்" என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். ரெகுலேட்டர் என்பது கண்ணாடியைத் தாங்கி ஏற்றி இறக்கும் அமைப்பு. அவர்கள் கேட்ட தொகையில் ஒரு நல்ல டயரே வாங்கலாம். சுங்கச்சாவடியில் பாஸ்டேக் வந்தபிறகு கண்ணாடியை இறக்கவேண்டிய அவசியமே குறைந்துவிட்டதால் நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஆனால் பார்க்கிங் சீட்டு வாங்க இறக்கினால் தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் போனதும் சரி, டோரைக் கழற்றிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க அட்டையை, கழற்றுமுன் ஒரு சோதனை. மழையில் சத்தம் வருவதில்லை என்பதைக் கவனித்திருந்தேன். அதனால் கொஞ்சம் ஷாம்பு கலந்த தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்து, கண்ணாடியின் பின் ஓரத்தில் மட்டும் அடித்து ஏற்றி இறக்கினேன். பாதிக்கு மேல் சத்தம் போய்விட்டது. முன் ஓரத்திலும் அடித்தேன், முழுக்கப் போனது. காய்ந்ததும் மறுபடியும் கிறீச். மோட்டாரிலோ ரெகுலேட்டரிலோ வரும் சத்தம் என்றால் கண்ணாடி நனைந்தாலும் வரும். ஆக, கோளாறு கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில். காசில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் எத்தனை பேர் மோட்டார் மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

டோர் பேட் கழற்றுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டின் கறுப்புப் பசை இருபது வருட வெயிலில் அல்வாப் பதத்துக்கு வந்திருந்தது, கையில் ஒட்டினால் சட்டையில், சட்டையிலிருந்து சீட்டில். மெல்லிய நைலான் நூலால் அறுத்தபடி எடுத்தால் ஷீட் கிழியாமல் வரும். அந்த ஷீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மழைத் தண்ணீர் டோர் பேடுக்கு வராமல் தடுப்பதே அதுதான்.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் 10 மி.மீ. போல்ட்டுகளைக் கழற்றி, சாய்த்து, வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பின் ஓரத்தில், உள்பக்கம், மேலிருந்து கீழ்வரை ஒரு விரல்நக அகலத்துக்குப் பழுப்பான பட்டை. தொட்டால் லேசாக ஒட்டுகிறது. சன் ஃபிலிம் பசை! 2012 ஏப்ரலில் கார் கண்ணாடிகளில் ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது நினைவிருக்கும், ஊரே சிக்னலில் நின்று கிழித்த காலம். கண்ணுக்குத் தெரிந்த இடத்தை எல்லாம் அன்றைக்குச் சுத்தம் செய்தார்கள், சேனலுக்குள், அதாவது கண்ணாடி ஓரம் ஓடும் ரப்பர் பள்ளத்துக்குள், ஒளிந்திருந்த ஓரத்தை யார் பார்ப்பார்கள்? அந்தப் பசை கொஞ்சம் கொஞ்சமாக சேனல் ரப்பருக்குள் இழுபட்டு, தெருப் புழுதியைச் சேர்த்துக்கொண்டு, உள்ளே இருக்கும் வெல்வெட் பஞ்சை உருண்டை உருண்டையாகத் திரட்டி வைத்திருந்தது. பஞ்சு போன இடத்தில் மொட்டை ரப்பர். அது கண்ணாடியைப் பிடிக்கும், நழுவும், பிடிக்கும், நழுவும். வயலின் வில்லில் ரோசின் தடவுவது போலத்தான், நமக்கு வாசிக்கத் தெரியவில்லை, அவ்வளவே.

இந்தப் பசையை எடுப்பதில்தான் முக்கால்வாசி நேரம் போயிற்று. ஒற்றை விளிம்பு பிளேடும் சோப்புத் தண்ணீரும் மேல்பூச்சைத்தான் எடுத்தன. மீதியை எடுத்தது நீலகிரித் தைலம். ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் எல்லாம் வாங்கி வந்து கொடுத்த பாட்டில்கள் வீட்டில் வரிசையாக இருந்தன, கடைசியில் ஒன்றுக்கு வேலை வந்தது. டிஷ்யூவை நனைத்துப் பட்டையின் மேல் படுக்க வைத்து, மேலே பாலிதீன் கவரை ஒட்டி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து வழித்தால் தயிர் ஆடை மாதிரி சுருண்டு வருகிறது. அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசை இல்லாமல் ஆக்கவேண்டும். தைலம் ரப்பர் மேல் படக்கூடாது, அதனால் இந்த வேலையைக் கண்ணாடி வெளியே இருக்கும்போது மட்டுமே செய்யுங்கள். போர் தண்ணீரில் கழுவிக் கழுவிப் படிந்திருந்த உப்புக்கறைக்கு வெள்ளை வினிகர் போதுமானதாக இருந்தது.

சேனலைத் துடைக்க அரை அடி ஸ்டீல் ஸ்கேலின் முனையில் பழைய பனியன் துணியைச் சுற்றி, ஆல்கஹாலில் நனைத்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுத்தேன். முன்னும் பின்னும் தேய்த்தால் மிச்சமிருக்கும் பஞ்சும் கையோடு வந்துவிடும். துணி கறுப்பாக வருவது நின்று சாம்பல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன், அதற்கு மேல் பேராசை.

அடுத்தது எதைத் தடவுவது. எல்லோர் வீட்டிலும் ஒரு துரு எடுக்கும் ஸ்ப்ரே இருக்கும், கை அதைத்தான் தேடிப் போகும். வேண்டாம். அது பெட்ரோலிய வகை. கார் பீடிங்கில் (கதவு, கண்ணாடி ஓர ரப்பர் பட்டை) பெரும்பாலும் இருப்பது ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர், அதற்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது, உப்பிவிடும். இரண்டு நாள் சத்தம் இருக்காது, அப்புறம் புழுதி ஒட்டிக்கொண்டு பழைய கதைதான். சேனலுக்கு சிலிகான் மட்டும். பஞ்சு மிச்சமிருக்கும் பகுதிக்கு, ஈரம் காய்ந்துவிடும் சிலிகான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்து ஸ்கேலால் உள்ளே தடவினேன். மொட்டையான பகுதிக்கு சிலிகான் கிரீஸ், மிக மெல்லிசாக. ஹோண்டாக்காரர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடும் ஷின்-எட்சு கிரீஸும் சிலிகான்தான், விலையைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். சாதாரண சிலிகான் கிரீஸ் ட்யூப் போதும். நேரடியாக டோரில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். சிலிகான் பட்ட தகட்டில் பின்னால் பெயின்ட் அடித்தால் மீன்கண் மாதிரி குழி விழும், பெயின்டர் உங்கள் தலைமுறையையே வாழ்த்துவார். ரெகுலேட்டரின் இரும்புப் பகுதிகளுக்கு மட்டும் வெள்ளை லித்தியம் கிரீஸ்.

திரும்ப மாட்டும்போது ஒரு விஷயம். ரெகுலேட்டர் போல்ட்டுகளை முதலிலேயே முறுக்கிவிடக்கூடாது. துளைகள் நீளவாக்கில் இருப்பதே கண்ணாடி தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளத்தான். தளர்வாக வைத்து, கண்ணாடியை முழுக்க ஏற்றி, மேல் ரப்பருக்குள் இரண்டு மூலையும் சமமாக உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு முறுக்கவேண்டும். கோணலாக முறுக்கினால் பசை இல்லாவிட்டாலும் சத்தம் வரும்.

மோட்டார் இழுக்கும் கரன்டையும் பார்த்தேன். முன்பு ஏறும்போது ஒன்பது ஆம்பியரை ஒட்டி இருந்தது, இப்போது ஐந்தைத் தாண்டுவதில்லை. இதை அளக்க டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் விலை குறைந்த கிளாம்ப் பெரும்பாலும் ஏசி மட்டுமே காட்டும், கார் ஒயரில் மாட்டினால் பூஜ்யம்தான். வாங்குமுன் கவனியுங்கள்.

புது சேனல் ரப்பருக்காக, சென்னையில் கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடில் அலைந்தேன். மீட்டர் கணக்கில் கிடைக்கும் பொதுப் பீடிங்கை நீட்டினார்கள். அகலம் சரி, ஆனால் மூலையில் வார்ப்பு இல்லை, வெட்டி மடக்கினால் காற்றுச் சத்தம் வரும், வேண்டாம் என்று வந்துவிட்டேன். புதுப்பேட்டையில் உடைத்த வண்டியின் டோர் ஒன்றிலிருந்து நல்ல பஞ்சோடு இருந்த இடது பக்க ரப்பர் கிடைத்தது. வலது பக்கத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். டோர் பேட் கிளிப் அங்கேயே பாக்கெட்டாகக் கிடைக்கிறது, பழைய கிளிப்பின் தலையை அளந்துகொண்டு போங்கள், தண்டு மட்டும் பொருந்தி என்ன பயன்.

டோர் பேட் இன்னும் மாட்டவில்லை. திறந்தது திறந்தபடி இருக்கட்டும், அதே டோரில் பூட்டை இயக்கும் சென்ட்ரல் லாக் ஆக்சுவேட்டர் குளிர்காலக் காலையில் மட்டும் மக்கர் பண்ணுகிறது, அதையும் பார்த்துவிடலாம் என்று. ஸ்பீக்கருக்குப் பின்னால் அதிர்வைக் குறைக்கும் டாம்பிங் ஷீட் ஒட்டும் ஆசையும் உண்டு, ஆனால் கீழே தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காத மாதிரி வெட்டவேண்டும். பின் இடது டோரும் லேசாக முனக ஆரம்பித்திருக்கிறது. அதிலும் ஃபிலிம் ஒட்டியிருந்ததுதான்.