34 ஆட்டோமேஷன், இப்போது 5: வீட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன்

நாலு வருஷமாகச் சேர்த்த ஸ்மார்ட் ஹோம் சாமான்களை இந்த ஏப்ரலில்தான் கழற்ற ஆரம்பித்தேன். வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டையில், வேலை ஓசூரில். போக வர நூறு கிலோமீட்டர், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வீட்டை நடத்தலாம் என்ற ஆசைதான் முதல் காரணம். ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் வீட்டை நடத்தும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள், ஜிக்பீ என்ற வயர்லெஸ்ஸில் பேசும் பல்பு 11, சென்சார் 9, மோட்டாருக்கு டாஸ்மோட்டா மென்பொருள் ஓடும் ஒரு வைஃபை ரிலே (சுவிட்ச்), அப்புறம் 'இது நடந்தால் அதைச் செய்' என்று எழுதி வைத்த 34 ஆட்டோமேஷன். அதில் பாதி எதற்கு என்று எனக்கே ஞாபகம் இல்லை.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய்த் திரும்ப வந்தது. கரண்ட் வந்ததும் எரிய வேண்டுமா, முன்பு இருந்த நிலைக்கே போக வேண்டுமா என்று ஜிக்பீ பல்பில் சொல்லி வைக்கலாம். சொல்லாமல் விட்டால் பெரும்பாலும் எரியும். நான் மூன்று பல்பில்தான் சொல்லி வைத்திருந்தேன், மீதி எட்டும் கல்யாண மண்டபம் மாதிரி எரிந்தன. பை இன்னும் பூட் ஆகவில்லை, போனில் எதுவும் நகரவில்லை. யாரும் அணைத்துவிடக் கூடாதென்று சுவர் சுவிட்சுகளில் நான் ஒட்டியிருந்த டேப்பை அம்மா ஒவ்வொன்றாக உரித்து, டக் டக்கென்று அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாளே எதையும் அழிக்கவில்லை. எல்லா ஆட்டோமேஷனையும் நிறுத்தி மட்டும் வைத்தேன். இரண்டு வாரத்தில் யாராவது "அது ஏன் வேலை செய்யலை" என்று கேட்டால் திரும்பப் போடுவது, கேட்காவிட்டால் அழிப்பது. சமையலறைக் காலண்டர் தாளில் குறித்து வைக்கச் சொன்னேன். வந்த புகார் மொத்தம் நாலு, நானும் சேர்த்து. காலை 6.40-க்கு ஸ்பீக்கரில் வானிலை சொல்லும் ஒன்றுக்காக ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அது நின்றதை நானே ஆறு நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

அதிகம் தொல்லை தந்தது பி.ஐ.ஆர். மோஷன் சென்சார். அது உடம்புச் சூட்டுக்கும் பின்னால் உள்ள சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் ஆள் நடமாட்டத்தை அறியும். சித்திரை மதியத்தில் மாடி அறைச் சுவரே நம் தோல் அளவுக்குச் சூடாகிவிடுகிறது, அப்புறம் அது எதைப் பார்க்கும்? கூடவே அசையாமல் உட்கார்ந்தால் ஆள் இல்லை என்று முடிவு செய்துவிடும், பாத்ரூமில் சோப்புக் கையோடு ஆட்டி ஆட்டி லைட் போட்டிருக்கிறேன். ராத்திரியில் ஆளே இல்லாமல் எரியும். போய்ப் பார்த்தால் லென்ஸ் மேல் பல்லி. ஆறு மோஷன் சென்சாரில் ஐந்தைக் கழற்றியாகிவிட்டது.

தண்ணீர் விஷயத்தில்தான் கொஞ்சம் யோசித்தேன். எங்களுக்குக் குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், புழங்க போர். போர் தண்ணீர் டேங்கில், ஒலி அனுப்பி எதிரொலியில் தண்ணீர் மட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் வைத்திருந்தேன். மூடிய டேங்கில் ஆவி அதன் முகத்தில் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும், உடனே டேங்க் நிறைந்துவிட்டது என்று சொல்லி மோட்டாரை நிறுத்தும். அதை எடுத்துவிட்டு மேலே சாதாரண ஃப்ளோட் சுவிட்ச் போட்டேன். ரிலேவை விடவில்லை, ஆனால் 40 நிமிடத்தில் நிறுத்தும் வேலையை பையிடமிருந்து பிடுங்கி ரிலேயிடமே கொடுத்துவிட்டேன். டாஸ்மோட்டாவில் பல்ஸ்டைம் (எவ்வளவு நேரத்தில் தானே அணைய வேண்டும் என்ற அமைப்பு) 2500 என்று கொடுத்தால் 2400 விநாடி, நூறைக் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். இனி பை செத்தாலும் வைஃபை போனாலும் மோட்டார் நிற்கும். ஒரு ஹெச்.பி. மோட்டாரை அந்தச் சின்ன ரிலேயில் நேராக மாட்டாதீர்கள், கிளம்பும்போது இழுக்கும் கரண்டில் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். நடுவில் காண்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச்) வேண்டும்.

பல்புகளைக் கழற்றி 9 வாட் சாதா எல்.இ.டி. போட்ட அன்றே ஒரு பிசகு. கொல்லைக் கதவு சென்சார் காணாமல் போய்விட்டது. பேட்டரி தீர்ந்ததோ என்று மாற்றிப் பார்த்தேன், இல்லை. ஜிக்பீயில் கரண்டில் ஓடும் பல்புகள்தான் பக்கத்து சென்சார்களின் செய்தியைக் கைமாற்றிவிடும் ரவுட்டர்; சமையலறை பல்பு போனதும் கொல்லைக் கதவுக்கு வழி அடைந்துவிட்டது. நடுவில் ஒரு ஜிக்பீ பிளக்கை விட்டு, சென்சாரை அதன் அருகில் வைத்து மறுபடி இணைத்தேன். கழற்றுகிறவர்கள் சென்சாரை முதலில் கழற்றுங்கள், பல்பைக் கடைசியில்.

கரண்ட் பில் குறையும் என்று யாரும் கழற்ற வேண்டாம். அணைந்திருக்கும் பல்பு சுமார் அரை வாட் எடுக்கும், 11 பல்புக்கு இரண்டு மாதத்தில் எட்டு யூனிட் வரும், அவ்வளவுதான்.

அம்மாவிடமிருந்து ஒரே ஒரு புகார். "எல்லாத்தையும் கழட்டினது சரி, ராத்திரி பாத்ரூம் போற வழியில ஒரு லைட்டு எரியுமே, அதை ஏன்டா கழட்டின?" முழங்கால் வலியோடு இருட்டில் சுவரைத் தடவிப் போயிருக்கிறார், நாலு நாள். ஐந்து சென்சாரைக் கழற்றிய வேகத்தில் அதையும் சேர்த்துவிட்டேன். இப்போது அங்கே பேட்டரியில் ஓடும் தனி பி.ஐ.ஆர். விளக்கு ஒன்றை ஒட்டியிருக்கிறேன், ஹப் கிடையாது, ஆப் கிடையாது. பல்லி ஏறினாலும் எரியட்டும்.

கழற்றிய 11 பல்பும் பரண் மேல் ஷூ பெட்டியில் இருக்கின்றன. ஓசூர் மச்சான் கேட்கிறார். கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் நான்தான் சரி செய்ய வேண்டும் என்பதால் இன்னும் கொடுக்கவில்லை.