பத்தாண்டு அட்டையும் ஓராண்டுப் புத்தகமும்

சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் என்று நம்பிப் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ஒரு பிளாஸ்டிக் அட்டை, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஆடுகிற காலுக்கு இப்போது முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. என் படம், பெயர், உலக உருண்டைச் சின்னம், மினுங்கும் முத்திரை எல்லாம் அதில் உண்டு. நூற்றைம்பது நாடுகளில் செல்லும் என்றும், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்றும் பொன்னிற எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். விமானச் சீட்டை எடுத்துத் தந்த பயண முகவர், "சேர், இனி எங்கேயும் அலையத் தேவையில்லை, எல்லாம் ஒன்லைனில் முடிந்துவிடும்" என்று சொன்னபோது, அலுவலக விடுமுறை ஒரு நாள் மிச்சமாகிறதே என்ற சந்தோஷத்தில் நானும் மறுபேச்சில்லாமல் பணத்தைக் கட்டினேன்.

நாங்கள் போகவிருந்தது ஜப்பானுக்கு. மனைவியின் தம்பி நகோயாவில் வேலை செய்கிறார். 2025 ஒக்டோபர் இறுதியில், இலைகள் சிவக்கும் காலத்தில், வாடகைக் கார் எடுத்துத் தகயாமாவுக்கும் ஷிரகாவா-கோவுக்கும் போய்வருவது என்று முடிவாகியிருந்தது. காரைப் பதிவு செய்வதற்காக என் ஆவணங்களின் படங்களை மைத்துனருக்கு அனுப்பியபோது, அந்த அட்டையைப் பார்த்த உடனேயே அவர் தொலைபேசியில் அழைத்தார். "அத்தான், இது என்ன? புத்தகம் எங்கே?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். முகவரிடம் பணத்தைக் கட்டுவதற்கு முன்னர் படித்திருக்க வேண்டியதை, அதாவது சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் என்பது தனியானதோர் அனுமதிப்பத்திரமே அல்ல என்பதை, அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். நம் கையிலிருக்கும் இலங்கை அனுமதிப்பத்திரத்தை வேற்று நாட்டவர் வாசித்து விளங்கிக்கொள்ளும்படி, உடன்படிக்கை ஒன்றில் வகுத்த வடிவத்தில் சிறு புத்தகமாக எழுதித் தரும் மொழிபெயர்ப்பே அது. 1949 செப்டெம்பர் 19ஆம் திகதி ஜெனீவாவில் கையெழுத்தான வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையில் சாம்பல் நிற அட்டை, வெள்ளை உட்பக்கங்கள், கடைசிப் பக்கம் பிரெஞ்சு மொழியில் என்று அதன் மாதிரி அளவு முதற்கொண்டு வரையறுக்கப்பட்டிருக்கிறது. இலங்கை அதில் 1957இலும் ஜப்பான் 1964இலும் இணைந்தன. 1968இல் வியன்னாவில் உருவான இன்னோர் உடன்படிக்கையின் கீழ் மூன்று ஆண்டுகள் வரை செல்லும் பத்திரங்களைப் பல ஐரோப்பிய நாடுகள் வழங்குகின்றன. ஆனால் ஜப்பானில் அந்த வகை செல்லாது, 1949ஆம் ஆண்டு வகை மட்டுமே செல்லும். அந்த வகையின் ஆயுளோ வழங்கிய நாளிலிருந்து ஓராண்டு. ஆகவே பத்து ஆண்டு என்று எவராவது விற்க வந்தால், வேறெதையும் ஆராய வேண்டியதில்லை, அந்த எண் ஒன்றே போதும்.

இலங்கையில் இந்தப் புத்தகத்தை வழங்குவது, 1904இல் தொடங்கப்பட்டு இன்னும் பழைய பெயரோடே இயங்கும் ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒவ் சிலோன். நாடு பெயரை மாற்றி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது, ஆனால் வெளிநாட்டு வீதிகளில் நம் வாகனத்துக்குரிய அடையாள எழுத்துகள் இன்றும் சிலோனைக் குறிக்கும் 'சீ எல்'தான். எனக்கு இந்தச் சங்கம் சிறு வயதிலிருந்தே பழக்கம். அப்பாவின் மொரிஸ் மைனரின் முன்புறத்தில் அதன் சின்னம் பொருத்தப்பட்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் பிராசோ போட்டு அதைத் துடைப்பது என் வேலை. அப்படியிருந்தும் காலி முகத்திடலுக்குப் பக்கத்திலிருக்கும் அந்த அலுவலகத்தை விட்டுவிட்டு, பெயர் தெரியாத ஓர் இணைய வியாபாரியிடம் நான் ஏன் போனேன் என்பதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

முதல் பயணம் வீணாகப் போனது, பிழை முழுக்க என்னுடையதே. 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிக் காலி முகத்திடலில் இறங்கி, படங்களையும் பிரதிகளையும் ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தேன். அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிப் பார்த்த அலுவலர், முடிவுத் திகதியின் மேல் விரலை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். நவம்பர் 9. நாங்கள் நாடு திரும்புவதாக இருந்ததோ நவம்பர் 11. மூலம் செத்த பிறகு மொழிபெயர்ப்புக்கு உயிர் இருக்காது, எனவே முதலில் அதைப் புதுப்பித்துக்கொண்டு வருவதே நல்லது என்று அவர் பொறுமையாக விளக்கினார். நான் அந்தப் பிளாஸ்டிக் அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை, ஒரு முறை பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

இலகுரக வாகன அனுமதிப்பத்திரம் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. இந்த இடைவெளி ஒரு மனிதன் அதன் திகதியை முற்றாக மறந்துபோவதற்குப் போதுமானது. மருத்துவச் சான்றிதழுக்குப் போன நாளன்று கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுப் போனதால் கண் பரிசோதனையில் மூன்றாவது வரிக்குக் கீழே எனக்கு எல்லாம் எறும்பூர்வலமாகத் தெரிந்தது. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரும்பவும் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். அது அரை நாளோடு போயிற்று. பெரிய தவறு அடுத்ததாக வந்தது.

புதுப்பிக்கும்போது ஒருநாள் சேவை என்றும் சாதாரண சேவை என்றும் இரண்டு வழிகள் உண்டு. பிளாஸ்டிக் அட்டைக்கு ஏற்கெனவே இழந்த பணத்தை எங்காவது மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற கோபத்தில் நான் சாதாரண சேவையைத் தேர்ந்தெடுத்தேன். கையில் கிடைத்தது தற்காலிக அனுமதிப்பத்திரம் என்ற ஒரு தாள். அட்டை பின்னர் தபாலில் வரும் என்றார்கள். அந்தத் தாளோடு கொழும்பு வீதிகளில் தாராளமாக ஓட்டலாம், பொலிசார் மறித்தாலும் பிரச்சினை இல்லை. ஆனால் ஜப்பானில் வாடகைக் கார் கொடுப்பவர்கள் சர்வதேசப் புத்தகம், அதற்கு மூலமான சொந்த நாட்டு அனுமதிப்பத்திரம், கடவுச்சீட்டு ஆகிய மூன்றையும் நேரில் பார்க்க விரும்புவார்கள். எழுத்து மங்கிய தாளொன்றை அங்கே நீட்டி, எங்கள் நாட்டில் இப்படித்தான் என்று சைகையில் விளக்கும் தைரியம் எனக்கு வரவில்லை. வெளிநாட்டுப் பயணம் இருப்பவர்கள் ஒருநாள் சேவைக்கான கூடுதல் பணத்தை யோசிக்காமல் கட்டிவிடுங்கள்.

அட்டை வரவேயில்லை. ஒவ்வொரு நாளும் மாலையில் கீழே தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பதும், மின்சாரக் கட்டணப் பட்டியலோடு மேலே ஏறி வருவதுமாக மூன்று வாரங்கள் போயின. பயணத்துக்கு ஒன்பது நாட்கள் இருக்கும்போது, எங்கள் தொடர்மாடியின் காவலாளி மிகச் சாதாரணமாக, "ஐயாவுக்கு ஒரு கடிதம் வந்து என்னிடம் கிடக்கிறதே, தரவில்லையா?" என்று என்னிடமே கேட்டார். நாங்கள் வீட்டில் இல்லாத ஒரு முற்பகலில் வந்த உறையை அவர் பத்திரமாக, அளவுக்கு மீறிய பத்திரமாக, தன் மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்திருந்தார். அவரைத் திட்டவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் வாய் வரவில்லை.

உறையைப் பிரித்ததும் அடுத்த கவலை பிடித்தது. நம்மவர்களின் பெயர்ச் சிக்கல். என் அனுமதிப்பத்திரத்தில் அப்பாவின் பெயரும் தாத்தாவின் பெயரும் முதலெழுத்துகளாகச் சுருங்கி, அதன் பிறகு என் பெயர் நிற்கிறது. கடவுச்சீட்டிலோ அப்பாவின் பெயர் முழு நீளத்தில் விரிந்து, குடும்பப் பெயருக்கான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும். பெயர் என்றால் முன்னொன்று பின்னொன்று என்று பழகிய ஜப்பானிய ஊழியருக்கு அது எப்படித் தெரியும்? இந்தப் பயத்தில் பம்பலப்பிட்டியில் ஒரு சமாதான நீதவானிடம் போய், இரண்டு பெயராலும் அறியப்படுபவன் நானே என்று ஆங்கிலத்தில் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டேன்.

இரண்டாவது முறை சங்கத்துக்குப் போனபோது வேலை பிற்பகலுக்கு முன்பே முடிந்துவிட்டது. கடவுச்சீட்டும் கையில் இருந்ததால் பெயர் அதிலுள்ளபடி எழுதப்பட்டது. ஒரு விடயத்தை மட்டும் அங்கேயே நின்று சரிபாருங்கள். எந்தெந்த வாகன வகைகளுக்கு எதிரே முத்திரை விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நம் அனுமதிப்பத்திரத்தில் இல்லாத வகை அங்கே புதிதாக முளைக்காது. எனக்கு முன்னால் நின்ற இளைஞர் தாய்லாந்தில் ஸ்கூட்டர் ஓட்டும் திட்டத்தோடு வந்திருந்தார். அவருடைய அனுமதிப்பத்திரமோ காருக்கு மட்டுமானது. புத்தகம் கிடைத்தாலும் ஸ்கூட்டருக்கு அது வெறும் தாள் என்பதையும், விபத்து நேர்ந்தால் பயணக் காப்புறுதி கையை விரிக்கக்கூடும் என்பதையும் விளங்கிக்கொள்ள அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. அவர் முகத்தில், முதல் முறை அங்கே வந்து திரும்பிய என் செப்டெம்பர் மாத முகத்தைப் பார்த்தேன்.

நகோயா விமான நிலையத்தில் கார் கொடுத்த பெண் மூன்று ஆவணங்களையும் வரிசையாக வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். முதலெழுத்துகளில் அவருடைய பேனா நின்றது. என் கை சத்தியக் கடதாசி இருந்த பைக்குள் போய்விட்டது. ஆனால் அவர் புத்தகத்திலிருந்த முழுப் பெயரைக் கடவுச்சீட்டோடும், பிறந்த திகதியை அட்டையோடும் ஒத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். சமாதான நீதவானின் முத்திரை கொழும்பிலிருந்து நகோயா போய், ஒரு கண்ணும் பார்க்காமல் திரும்பி வந்திருக்கிறது. அதற்காக நான் வருந்தவில்லை.

இந்தச் சங்கத்தில் அங்கத்தவராகச் சேர்வதால் என்ன பயன் என்று சிலர் என்னிடம் கேட்டிருந்தார்கள். வழியில் வண்டி நின்றுபோனால் உதவிக்கு வருவதுதான் இத்தகைய சங்கங்களின் அடிப்படைப் பயன். அதில் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்வார்கள், எந்த நேரங்களில் வருவார்கள் என்பதைச் சேரும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். உலகெங்கும் உள்ள இந்தச் சங்கங்கள், அதே 1904இல் பாரிஸில் உருவான சர்வதேசச் சம்மேளனத்தின் கீழ் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அதனால் வெளிநாட்டிலும் தானாகவே உதவி கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. போகும் நாட்டின் சங்கம் நம் அங்கத்தவருக்கு என்ன செய்யும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வதே பாதுகாப்பு. தகயாமாவில் ஒரு கதவு சரியாக மூடாததால் உள்விளக்கு இரவு முழுவதும் எரிந்து, காலைக் குளிரில் பட்டரி இறந்து கிடந்தது. ஜப்பானியச் சங்கத்தின் அவசர இலக்கமான #8139 என் சட்டைப் பையிலேயே இருந்தது. இருந்தாலும் மைத்துனர் முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் பிரித்து, அதிலிருந்த இலக்கத்துக்கே அழைத்தார். வாடகைக் காருக்கு அதைத் தந்தவர்களின் உதவியே முதல் வழி. முக்கால் மணி நேரத்தில் வண்டி வந்து உயிர் கொடுத்துவிட்டுப் போனது.

மைத்துனருக்கும் ஓர் ஆசை இருந்தது. தைப்பொங்கலுக்குக் கொழும்பு வரும்போது தானும் இப்படியொரு புத்தகம் எடுத்துக்கொண்டு போனால், ஜப்பானிய அனுமதிப்பத்திரம் எடுக்கும் தொல்லை இல்லாமல் ஓட்டலாமே என்று நினைத்திருந்தார். அதற்கு வழியில்லை. அங்கே வதிவாளராகப் பதிந்தவர் நாட்டைவிட்டு வெளியேறி மூன்று மாதங்களுக்குள் திரும்பினால், அவர் கொண்டுவரும் சர்வதேசப் பத்திரம் அங்கு ஏற்றுக்கொள்ளப்படாது. இலங்கை அனுமதிப்பத்திரத்தை ஜப்பானியதாக மாற்றுவதே அவருக்கு எஞ்சிய வழி. அதற்கான அறிவுத் தேர்வும் 2025 ஒக்டோபர் முதல் 10 கேள்விகளிலிருந்து 50 கேள்விகளாக நீண்டுவிட்டது. இதைக் கேட்டதிலிருந்து அவர் என்னோடு சற்று உம்மென்றுதான் இருக்கிறார், சட்டத்தை நான் இயற்றியதுபோல.

திரும்பி வந்து கட்டுநாயக்காவில் இறங்கியபோது மனைவி ஒன்றைச் சுட்டிக்காட்டினாள். இங்கே வரும் சுற்றுலாப் பயணிகளுக்குத் தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் வழங்க, 2025 ஆகஸ்ட் முதல் விமான நிலையத்திலேயே ஒரு கருமபீடம் இருக்கிறது. வெள்ளைக்காரர் இருவர் அங்கே நின்றிருந்தார்கள். நான் பட்ட பாட்டையெல்லாம் நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தபடி நின்றேன்.

முகவரிடம் இதுவரை நான்கு தடவை போய்வந்தேன். முதல் தடவை, அட்டை உண்மையானதுதான், ஜப்பான்காரருக்குத்தான் விளங்கவில்லை என்றார். இரண்டாம் தடவை, பணம் வெளிநாட்டு நிறுவனத்திடம் போய்விட்டது என்றார். மூன்றாம் தடவை தேநீர் தந்தார். கடந்த செவ்வாய்க்கிழமை போனபோது, பாதித் தொகையை அடுத்த பயணச் சீட்டில் கழித்துத் தருவதாகச் சொன்னார். அதை எழுத்தில் தரும்படி கேட்டேன். கடிதத் தாள் முடிந்துவிட்டதாம், வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.